தெருவில் நாட்கணக்காக நிற்கும் கார்: பொலிஸுக்குச் சொல்வதா?

கனடாவில் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில், வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மன்டை வாடகைக்கு எடுத்துக் குடிவருகிற பலருக்கும் கொஞ்ச நாளில் இந்தக் கேள்வி வரும். வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கும். யாருடையது என்று தெரியாது. ஒருவரும் வந்து எடுக்கவும் மாட்டார்கள். போர்க்காலத்தில் ஆளில்லாமல் நிற்கிற வாகனத்தைக் கண்டாலே சுற்றிப் போன சனம் நாங்கள். அந்தப் பயம் இங்கேயும் கூடவே வரும். அதற்காக உடனே அவசர இலக்கமான 911க்கு எடுக்காதீர்கள். காருக்குள் ஆள் மயங்கிக் கிடந்தால், புகை வந்தால், யாராவது அதை இப்போது உடைத்துக்கொண்டிருந்தால் மட்டும் 911.

ரொறன்ரோவில் வேறு அறிவிப்புப் பலகை இல்லாத தெருவில் ஒரு வாகனம் 3 மணித்தியாலம்தான் நிற்கலாம். அப்படிப் பார்த்தால் இரவில் தெருவில் நிற்கிற கார்களில் பல விதிமீறல்தான். முறைப்பாடு போகும்வரை பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. நீங்கள் போன் எடுத்தால் வருகிற பார்க்கிங் அதிகாரி அந்த ஒரு காருக்கு மட்டும் டிக்கெட் எழுதிவிட்டுப் போவார் என்று நம்ப வேண்டாம். அதே வரிசையில் உங்கள் மச்சானின் காரும் நிற்கும். ஆகவே முதலில் இரண்டு பக்கத்து வீடுகளிலும் கேளுங்கள். கார்க்காரர் ஊருக்குப் போயிருக்கலாம், ஆஸ்பத்திரியில் கிடக்கலாம். அயலவரோடு கதைக்க இதுவும் ஒரு சாட்டுத்தானே.

பழைய துருப்பிடித்த காரைப் பார்த்துத்தான் எல்லோரும் பதறுகிறார்கள். உண்மையில் பொலிஸுக்குச் சொல்ல வேண்டியது பளபளவென்று நிற்கிற புது எஸ்யூவியைப் பற்றி. லெக்ஸஸ், ஹைலாண்டர், சிஆர்வி போன்றவற்றைத் திருடுகிறவர்கள் அவற்றை அமைதியான குடியிருப்புத் தெருவில் சில நாள் விட்டுவைப்பார்கள். சொந்தக்காரர் காருக்குள் ஒளித்துவைத்த டிராக்கரை (இடம் காட்டும் கருவியை) வைத்துப் பின்தொடர்ந்து யாராவது வருகிறார்களா என்று பார்க்கத்தான். வராவிட்டால் கொண்டெயினரில் ஏற்றி மொன்றியல் துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சந்தேகம் இருந்தால், டிரைவர் பக்கத்து முன்கண்ணாடியின் அடியில் தெரியும் எழுத்தும் இலக்கமுமாக 17 குறிகள் கொண்ட வின் நம்பரை (வாகன அடையாள இலக்கத்தை) வெளியில் நின்றபடியே படியுங்கள். கனடியப் பொலிஸ் தகவல் நிலையத்தின் இணையத்தளத்தில் அதைப் போட்டால் திருட்டு வாகனமாகப் பதிவாகியிருக்கிறதா என்று தெரியும். அங்கே இல்லை என்பதால் மட்டும் திருட்டில்லை என்று ஆகாது. சொந்தக்காரருக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம். கதவைத் தொடாதீர்கள், உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டும் நிற்காதீர்கள்.

பதிவாகியிருந்தால், அல்லது நம்பர் பிளேட் இல்லாமலோ கண்ணாடி உடைந்தோ நின்றால், ரொறன்ரோ பொலிஸின் அவசரமில்லாத இலக்கம் 416-808-2222. பக்கத்து வீட்டு இலக்கம், காரின் நிறம், பிளேட், எப்போதிலிருந்து நிற்கிறது என்பவற்றை எழுதி வைத்துக்கொண்டு எடுங்கள். பக்கத்து நகரங்களில், மார்க்கம் என்றால் யோர்க் பொலிஸ், பிரம்டன் என்றால் பீல் பொலிஸ். இந்த இலக்கம் அங்கே உதவாது.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நின்றால் சூப்பரின்டென்டன்ட்டிடம் சொன்னால் போதும். யாரோ ஒருவரின் டிரைவ்வேயில் சில்லுக் கழன்று கிடக்கிற கார் மாநகரசபையின் வேலை, அதற்கு 311. ஆங்கிலம் தடக்கினால் "டமில்" என்று மட்டும் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைத்துத் தருவார்கள்.