ஒரு களிமண் பறவை, எட்டுப் பக்கம்: முப்பரிமாண வடிவத்துக்கு முதல் பயிற்சி

படம் வரைந்து பழகிய கை மண்ணைத் தொட்டால் முன்பக்கத்தை மட்டும்தான் செய்யும். திருப்பிப் பார்த்தால் முதுகு தட்டையாக இருக்கும். அந்தப் பழக்கத்தை உடைக்க, உட்கார்ந்திருக்கும் பறவை ஒன்று செய்வோம்.

தேவை: ஒரு கிலோ களிமண், முள்கரண்டி, ஸ்பூன், நூல், சுழலும் பலகை. பலகை இல்லையா? கவிழ்த்த தட்டு போதும்.

1. மண்ணைப் பத்து நிமிடம் பிசைந்து நூலால் அறுத்துப் பாருங்கள். வெட்டிய முகத்தில் பொத்தல் தெரிந்தால் இன்னும் பிசையுங்கள்.

2. உடலுக்கு முட்டை வடிவம், தலைக்கு எலுமிச்சை அளவு உருண்டை. ஒட்டும் இரண்டு முகங்களையும் முள்கரண்டியால் கீறி, மண்குழம்பு தடவி அழுத்துங்கள். கீறாமல் ஒட்டினால் காய்ந்ததும் தலை கழன்றுவிடும். கண், இறகு எதுவும் இப்போது வேண்டாம்.

3. இதுதான் முக்கியம். பலகையை 45 டிகிரி திருப்புங்கள். வெளிக்கோட்டை மட்டும் பார்த்துத் திருத்துங்கள். இரண்டு நிமிடத்தில் அடுத்த பக்கம். எட்டுத் திருப்பலில் ஒரு சுற்று. மூன்று சுற்றாவது போங்கள். பிறகு விளக்கை அணைத்து, பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். வெளிச்சமும் நிழலும் எங்கும் தெளிவாகப் பிரியவில்லை என்றால், வடிவம் கரைந்த சோப்பு போல மழுங்கி இருக்கிறது என்று அர்த்தம். தட்டையான மரத்துண்டால் தட்டி, ஒளியும் நிழலும் பிரியும் தட்டையான தளங்களை உண்டாக்குங்கள்.

4. வாலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விடுங்கள். மண் இறுகும்வரை கீழே செய்தித்தாள் உருண்டை முட்டுக் கொடுக்கட்டும். வெற்றிடமும் வடிவம்தான்: நடராசர் செப்புத் திருமேனியில் தூக்கிய காலுக்கும் சுற்றியுள்ள தீச்சுடர் வளையமான திருவாசிக்கும் நடுவே உள்ள இடத்தை அடைத்துவிட்டால் ஆட்டம் ஏது?

5. தலையைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்புங்கள். பார்ப்பவர் தானாகச் சுற்றி வருவார். சமநிலை என்றால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதல்ல, விழாமல் நிற்பது. முன்னே சாய்ந்தால் அடிப்பகுதியை அகலப்படுத்துங்கள்.

6. சொரசொரப்பு கடைசியில், சிறகில் மட்டும். மார்பு வழவழப்பாக இருந்தால்தான் சிறகு எடுபடும்.

7. விரல் அழுத்தினால் குழி விழாமல், நகம் மட்டும் பதியும் பதம் வந்ததும் பறவையை நூலால் இரண்டாக அறுத்து, ஒரு சென்டிமீட்டர் சுவர் விட்டு உள்ளே குடையுங்கள். இரண்டு பாதியையும் முன்போலக் கீறி ஒட்டி, அடியில் ஒரு துளை போடுங்கள். தடித்த மண்ணுக்குள் தங்கிய ஈரம் சூளையில் நீராவியாகி உடைத்துவிடும். உள்ளே கம்பி வைக்காதீர்கள். மண் சுருங்கும், கம்பி சுருங்காது, விரிசல் விழும்.

ஒரு வாரம் நிழலில், பிளாஸ்டிக்கால் தளர்வாக மூடிக் காயவிடுங்கள். மெல்லிய வால் முதலில் காயும், அதனால் அதை ஈரத்துணியால் சுற்றுங்கள். முழுக்கக் காய்ந்த விரிசலில் ஈரமண் அப்பிப் பயனில்லை. அது தனியாகச் சுருங்கி உதிரும்.