வெட்டிவேர்: வேரின் போக்கு தெரியாமல் செய்யும் தவறுகள்

தோகையைக் கிள்ளி முகர்ந்துவிட்டு, "வாசமே இல்லை, இது வெட்டிவேர் கிடையாது" என்று ஒதுக்குவதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. இந்தப் புல்லின் மணம் முழுக்க வேரில் இருக்கிறது, தோகையில் கிடையாது. கிள்ளியதும் எலுமிச்சை மணந்தால் அது எலுமிச்சைப்புல். நெல்லும் கரும்பும் பிறந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது வெட்டிவேர். இதன் தாவரவியல் பெயர் கிரைசோபோகன் சிசானியாய்டிஸ். பழைய நூல்களில் வெட்டிவேரியா என்றிருக்கும். ஆற்றோரங்களிலும் சதுப்பிலும் தானாகவே தூர் கட்டி ஆளுயரத்துக்கு வளரும்.

விதை வாங்கி விதைப்பது வீண் செலவு. வட இந்தியக் காட்டு வகை பூத்து விதை கட்டும். நம் பக்கத்துச் சாகுபடி வகையோ முளைக்கும் விதை தருவது அரிது. தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். ஒரு நாற்றுக்கு 2, 3 பக்கக் கன்றுகள் சேர்ந்திருக்கட்டும். தோகையை 15 முதல் 20 செ.மீ. விட்டு நறுக்கி, வேரை 5 முதல் 10 செ.மீ. வைத்துக்கொண்டால் போதும். தோகையை நறுக்காமல் நட்டால், வேர் பிடிக்கும் முன்பே ஈரம் இலை வழியாகப் போய்க் கன்று காய்ந்துவிடும்.

வரப்புக்கும் கரைக்கும் நடுகிறவர்கள் பெரும்பாலும் இடைவெளியில் கோட்டை விடுகிறார்கள். நல்ல மண்ணில் வேர் முதல் ஆண்டிலேயே 3 மீட்டர் ஆழம் போகக்கூடியது. ஆனால் அது செங்குத்தாக இறங்குமே தவிர, அறுகு போலப் பக்கவாட்டில் ஓடி இடத்தை நிரப்பாது. ஆகவே சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் நெருக்கி நட வேண்டும். அரை மீட்டருக்கு ஒன்றாக நட்டால் மழைத் தண்ணீர் அந்தச் சந்துகளில் குவிந்து, முன்பைவிட வேகமாக மண்ணை அரிக்கும். பட்டுப்போன கன்றுகளுக்குப் பதில் முதல் மழைக்காலத்துக்குள் புதியன நட்டுவிடுங்கள். தென்னை, மா நிழலிலும் இது தேறாது. இளம் பருவத்தில் வெயில் அவசியம்.

கரையைக் காக்கவும் வேண்டும், வேரை விற்கவும் வேண்டும் என்றால் நடக்காது. வேரைத் தோண்டும்போது அது இறுக்கிப் பிடித்திருந்த மண்ணும் சேர்ந்து கழன்றுவிடும். ஆற்றங்கரையில் தானாக வளர்ந்த தூரைப் பறிப்பதும் இதே கேடுதான். விற்பனைக்கு என்றால் தனியாகச் சமநிலத்தில் பயிரிடுங்கள். கடலூர்ப் பக்கத்துக் கடலோர மணலில் இது நன்றாக வருவதற்குக் காரணம், வேர் தங்குதடையின்றி இறங்குவதும் அறுந்துபோகாமல் எடுக்க முடிவதும்தான். இறுகிய களிமண்ணில் பாதி வேர் மண்ணிலேயே தங்கிவிடும். யூரியாவை அள்ளிப் போட்டால் தோகைதான் கொழுக்கும்.

அவசரப்பட்டு 6, 7 மாதத்தில் பிடுங்கினால் வேர் மெலிந்திருக்கும், எண்ணெயும் குறைவு. 12 முதல் 18 மாதம் வரை விட வேண்டும். எடுத்ததும் மண் போக அலசி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்துங்கள். நாள்கணக்கில் வெயிலில் போட்டால் மணம் பறந்துவிடும். வேரிலிருந்து எண்ணெய் வடிக்கும்போதும் பொறுமை வேண்டும். கனமான மணப்பொருள்கள் கடைசியில்தான் இறங்கும் என்பதால் 18 மணி நேரத்துக்கு மேல் ஆவி கொடுக்க வேண்டியிருக்கும். பாதியில் அடுப்பை அணைப்பவருக்கு மெல்லிய, நிற்காத வாசம்தான் கிடைக்கும்.

வீட்டுப் பயன்பாட்டுக்கு வாங்குவதற்கு முன், ஒரு வேரை நனைத்துக் கசக்கி முகருங்கள். எண்ணெய் வடித்த சக்கையில் ஈரம் பட்டாலும் வாசம் எழாது. பானைத் தண்ணீருக்கு ஒரு கைப்பிடி வேரை நன்றாக அலசி, மெல்லிய துணியில் முடிந்து போடுங்கள். அதை வாரக்கணக்கில் அப்படியே விடுவதுதான் தவறு. 2, 3 நாளில் எடுத்துக் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம்; வழவழப்பு தட்டினால் தூக்கிப் போட்டுவிடுங்கள். தலைக்கு எண்ணெய் காய்ச்சும்போது ஈர வேரைப் போட்டால் எண்ணெய் கெடும், புகைய விட்டால் வேர் கருகிய நெடிதான் மிஞ்சும். உலர்ந்த வேரை நறுக்கித் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து ஒரு வாரம் வெயிலில் வைப்பதே சரி.

சன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைத்தும் அறை குளிரவில்லை என்று சொல்பவர்கள், அதைக் காற்று வராத சன்னலில் தொங்கவிட்டிருப்பார்கள். வேரில் பட்ட தண்ணீர் ஆவியாகும்போதுதான் காற்று குளிரும். உள்ளே வரும் காற்று வறண்டிருக்க வேண்டும், அறைக்குள் வந்த காற்று வெளியேற இன்னொரு வழியும் வேண்டும். அதனால்தான் வேலூரின் வறண்ட வெயிலில் கிடைக்கும் சுகம் சென்னைக் கடற்காற்றில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை. உப்புத் தண்ணீர் தெளித்தால் வேரில் உப்பு படியும். இரவில் உலர விடாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. விலாமிச்சை வேர் என்று கேட்டால் சிலர் வெட்டிவேரை எடுத்துத் தருவார்கள். விலாமிச்சை துளசிக் குடும்பத்துச் செடி. அதன் வேரும் மணக்கும், அதனால்தான் இந்தக் குழப்பம். மருந்துச் சீட்டில் எந்த வேர் எழுதியிருக்கிறது என்பதை வைத்தியரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.