பழைய வி8 கார் வாங்குமுன் ஒரு காந்தம்

பழுதுபார்த்துப் புதுப்பிக்க, வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் கொண்ட உங்கள் முதல் ஃபோர்ட் மஸ்டாங்கோ ஃபோர்ட் காப்ரியோ பார்க்கப் போகிறீர்களா? ஃப்ரிட்ஜில் ஒட்டும் வளையும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப்போங்கள். கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகடு (சில்) எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். பெயின்ட் மட்டும் உள்ள தகட்டில் நிற்கும். ஓட்டையை நிரப்பப் பூசும் பட்டி தடிமனாக இருந்தால் வழுக்கி விழும், ஏனெனில் பட்டியில் இரும்பு இல்லை. தென்னாப்பிரிக்கக் கடலோர நகரான டர்பன் பக்கம் ஓடிய வண்டிகளில் கடல் உப்புக்காற்று அரித்த ஓட்டைகள் பெரும்பாலும் இப்படித்தான் மறைந்திருக்கும். எஞ்சினைவிடத் துருப்பிடித்த பாடிதான் அதிகம் பணம் கேட்கும்.

ஃபைபர் கிளாஸ், அலுமினியப் பாகங்களில் இது பயன்படாது. 1960களின் மஸ்டாங்கில் கூரையும் பின்பக்கத் தகடும் சேரும் இடத்தைத் தொழிற்சாலையிலேயே ஈயத்தால் நிரப்பியிருப்பார்கள். அங்கே ஒட்டாவிட்டால் பயப்பட வேண்டாம். உள்ளிருந்து அரிக்கும் துருவுக்கு, வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துத்தான் பார்க்கவேண்டும்.