நைட் டியூட்டிக்கு நடுவே என்கிளெக்ஸுக்குப் படிப்பது

"உங்கள் வசதிப்படி படிக்கலாம்" என்றுதான், அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ் தேர்வுக்கான ஆன்லைன் கோர்ஸில் சேர்த்தார்கள். நான்கு மாதம் என் வசதிப்படி படிக்காமலே இருந்தேன்.

நைட் முடிந்து வந்ததும் புத்தகத்தைத் திறக்காதீர்கள். மேசையில் தலைசாய்த்துத் தூங்கியதுதான் எனக்கு மிச்சம். தூங்கி எழுந்து, குளித்து, காபி குடித்தபின் ஒரு மணி நேரம் போதும். முதலில் வீடியோ வேண்டாம்; 25 கேள்விகளைப் போடுங்கள். சரியாகப் போட்டதற்கும் விளக்கத்தைப் படியுங்கள், பாதி குருட்டாம்போக்கில் வந்ததாக இருக்கும்.

தப்பானதை நோட்டில் ஒரே வரியில் எழுதுங்கள். விடையை அல்ல, எங்கே கோட்டைவிட்டீர்கள் என்பதை. என் நோட்டில் ஒன்று: "பொட்டாசியம் 2.9. வாந்தியைப் பார்த்தேன், டிகாக்ஸின் மாத்திரையைப் பார்க்கவில்லை." ரத்தத்தில் பொட்டாசியம் இப்படிக் குறைந்தால் டிகாக்ஸின் என்ற இதய மருந்து நச்சாகும் என்பது படித்ததுதான், கேள்விக்குள் கண்ணில் படவில்லை. அப்புறம் வார்டில் டிகாக்ஸின் கொடுக்கும்போதெல்லாம் கை தானாக லேப் ரிப்போர்ட்டைப் புரட்டியது. இனி மறக்காது.

தேர்வில் 85 முதல் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். அதனால் வார ஓய்வு நாளில் 85 கேள்விகளையும் ஒரே மூச்சில் போட்டுப் பழகுங்கள். செல்போன்? என்னுடையது அரிசி டிரம்மில் இருக்கும்.