துரு ஏறி ஜாம் ஆன டை ராடை உடைக்காமல் இளக்குவது எப்படி?

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே திரும்பி வந்துவிட்டார். ஆறு 2021 நவம்பரில் வந்தது. பாலாற்றில் வெள்ளம் போன அந்த நாட்களில் எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறி, எங்கள் மாருதி 800 இரண்டு நாள் பாதி சக்கரம் முழுகி நின்றது. வடிந்த பிறகு என்ஜினைப் பார்த்தோம், பிரேக்கைப் பார்த்தோம். ஸ்டீயரிங்கையும் முன்சக்கரத்தையும் இணைக்கும் டை ராடைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தன. அலைன்மென்ட் கடையில் ஒருவர் ஸ்பானர் போட்டுப் பார்த்துவிட்டு, “லாக் நட் ஜாம் ஆயிடுச்சு சார், திரும்பாது, செட்டையே மாத்தணும்” என்றார். மாற்றாமல் வீட்டு வாசலிலேயே வைத்து இளக்கினேன். அதில் கற்றதை, இப்போதுதான் ஸ்பானர் பிடிக்கத் தொடங்குபவர்களுக்குப் புரியும்படி எழுதுகிறேன்.

எதைத் திருப்பப் போகிறோம்?

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இடமும் வலமும் நகரும் பல் தண்டுதான் ஸ்டீயரிங் ராக். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பி சக்கரத்தை நோக்கிப் போகும். அதுதான் டை ராட். கம்பியின் நுனியில் வெளி மரை இருக்கும். அந்த மரை, சக்கரத்தின் பக்கம் இருக்கும் டை ராட் எண்டுக்குள் ஏறி நிற்கும். இரண்டும் நகராமல் இருக்க நடுவே ஒரு லாக் நட். கம்பியைச் சுற்றினால் மொத்த நீளம் கூடும், குறையும். அதோடு சேர்ந்து சக்கரத்தின் முகமும் திரும்பும்.

நிற்கும்போது நம் கால் பெருவிரல்கள் உள்நோக்கித் திரும்பியிருப்பதுபோல் முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருந்தால் அது டோ-இன். வெளிநோக்கி இருந்தால் டோ-அவுட். சின்னக் கார்களில் வீட்டில் சரிசெய்ய முடிவது பெரும்பாலும் முன்சக்கர டோ ஒன்றுதான்.

முதல் நாள் சாயங்காலம்

வேலையை முதல் நாளே தொடங்கிவிடுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கை பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்ட் மீது இறக்கிவிடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் கை நீட்டக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் அடுக்குவதும் வேண்டாம், பாரத்தில் அவை நொறுங்கும்.

சக்கரத்தைக் கழற்றும் முன் 9 மணி, 3 மணி நிலையில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டை ராட் எண்டின் பந்து மூட்டில் லொடலொடவென்று ஆட்டம் தெரிந்தால் இளக்கிப் பயனில்லை, புதிதாக மாற்றுங்கள்.

ஆட்டம் இல்லையா? சரி, சக்கரத்தைக் கழற்றிவிட்டு வயர் பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைப் பளிச்சென்று தேயுங்கள். இந்தப் படியைத்தான் எல்லோரும் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். மரையில் அழுக்கு இருக்கும் வரை எண்ணெய் உள்ளே இறங்காது, நட் கொஞ்சம் நகர்ந்தாலும் அந்தத் துருவிலேயே மறுபடி சிக்கும். தேய்த்த பிறகு லாக் நட்டின் இரண்டு பக்கமும் துரு இளக்கும் ஸ்பிரேயை அடியுங்கள். சுத்தியால் நட்டின் ஆறு முகத்திலும் டொக் டொக் என்று தட்டுங்கள். எதிர்ப்பக்கம் கனமான இன்னொரு சுத்தியை முட்டுக் கொடுத்தால் அதிர்ச்சி முழுதும் நட்டுக்கே போகும். படுக்கப் போகும் முன் இன்னொரு முறை ஸ்பிரே, காலையில் எழுந்ததும் ஒரு முறை.

எந்தப் பக்கம் திருப்புவது?

இங்கே நான் ஏமாந்தேன். நட்டைக் கழற்ற இடப்பக்கம் சுற்ற வேண்டும் என்பது கையில் ஊறிய பழக்கம். சக்கரம் இருந்த இடத்தில் உட்கார்ந்து, ஸ்பானர் பிடியில் பைப் மாட்டி, முழு பலத்தோடு இடப்பக்கம் இழுத்தேன். அரை மணி நேரம் நட்டை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காரணம் எளியது. நீங்கள் சக்கரத்தின் பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள். கம்பியின் நுனி உங்களை நோக்கி நீட்டியிருக்கிறது, டை ராட் எண்ட் உங்களுக்கு அருகில், லாக் நட் அதற்குப் பின்னால். நட் எண்டை விட்டு விலக வேண்டுமென்றால் கம்பியின் மேல் இன்னும் உள்ளே ஏற வேண்டும். அதாவது உங்கள் பார்வையில் கடிகார முள் சுற்றும் திசை. வண்டியின் நடுவிலிருந்து பார்த்தால் அதே சுற்று இடப்பக்கமாகத் தெரியும்.

இது வலது மரைக்கு, அதாவது வலப்பக்கம் சுற்றினால் இறுகும் சாதாரண மரைக்குப் பொருந்தும். ராக் ஸ்டீயரிங் உள்ள கார்களில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வலது மரைதான். பழைய ஜீப் மாதிரி வண்டிகளில் ஒரு முனை இடது மரையாக இருக்கும். சந்தேகம் வந்தால் கம்பியை நிமிர்த்தி நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு மரையைப் பாருங்கள். கோடு இடமிருந்து வலமாக மேலே ஏறினால் வலது மரை.

நட்டைப் பெயர்ப்பது

இரண்டு ஸ்பானர் கட்டாயம் வேண்டும். டை ராட் எண்டில் தட்டையாக இழைத்த இடத்தை ஒன்று பிடிக்க, மற்றது நட்டைத் திருப்ப. பிடிக்காமல் திருப்பினால் பலமெல்லாம் பந்து மூட்டை முறுக்கும், அதை மூடியிருக்கும் ரப்பர் உறை, அதாவது ரப்பர் பூட், கிழியும். கம்பி ஊடே போவதால் ரிங் ஸ்பானர் இங்கே நுழையாது. வாய் விரியாத நல்ல ஓப்பன் ஸ்பானராக இருக்கட்டும். அளவு சரியாகக் கவ்வுகிறதா என்று பார்த்த பிறகு பலம் கொடுங்கள்.

சீராக இழுப்பதைவிடப் பிடியின் நுனியில் சுத்தியால் ஓர் அடி நன்றாக வேலை செய்யும். ‘டக்’ என்ற சத்தத்தோடு நட் ஒரு மயிரிழை நகரும். அந்தச் சத்தம் கேட்டதும் ஆசையில் ஒரே மூச்சாகச் சுற்றாதீர்கள். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, நடுவில் ஸ்பிரே. செம்மண் நிறத்தில் குழம்பாக எண்ணெய் வெளியே வரும். அது தெளியும் வரை ஆட்டிக்கொண்டே இருங்கள்.

அப்படியும் மசியவில்லை என்றால் சூடு. நட்டை மட்டும் ஹீட் கன்னால் சூடாக்கலாம். ரப்பர் பூட்டுக்கு ஈரத்துணி சுற்றுங்கள். அடித்த ஸ்பிரே தீப்பிடிக்கும், அதனால் முதலில் துடைத்துவிடுங்கள். கேஸ் தீயை இந்த இடத்துக்குக் கொண்டு வரவே வேண்டாம். உள்ளே கிரீஸும் பிளாஸ்டிக் கிண்ணமும் இருக்கின்றன, அவை கெட்டால் வெளியே தெரியாது.

நட் விட்டதும் கம்பியைத் திருப்ப வேண்டும். அதற்கு முன் ராக்கின் முனையை மூடியிருக்கும் ரப்பர் பூட்டின் வெளி நுனியில் உள்ள கிளிப்பைக் கம்பியின் மேல் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் அந்த ரப்பர் உறையும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். பைப் ரிஞ்ச் போட்டால் மரையில் படாமல் வெறும் கம்பியில் போடுங்கள். மரை சிதைந்திருந்தால் அதோடு நிறுத்தி, புது பாகம் வாங்குங்கள். ஸ்டீயரிங்கில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

நூல் பிடித்து அளப்பது

திருப்பும் முன் கம்பியிலும் எண்டிலும் பெயின்டால் ஒரே நேர்க்கோடு போட்டு, வெளியே தெரியும் மரைகளை எண்ணி எழுதிவைத்திருக்க வேண்டும். அப்புறம் சக்கரத்தை மாட்டி, தரையில் இறக்கி, வண்டியைச் சில அடி முன்னால் உருட்டி, ஸ்டீயரிங்கை நேராக வையுங்கள்.

கொத்தனார் நூலை வண்டியின் இரு பக்கமும் சக்கர நடு உயரத்தில் நீளமாகக் கட்டுங்கள். இரண்டு நூலுக்கும் இடையே உள்ள தூரம் முன்னாலும் பின்னாலும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்சக்கர நடுவிலிருந்து நூலுக்கு உள்ள இடைவெளி இடமும் வலமும் சமம், பின்சக்கரத்துக்கும் அப்படியே. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே இடைவெளி காட்ட வேண்டியதில்லை.

இப்போது ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நூலுக்கு அளவெடுங்கள். முன் இடைவெளி அதிகம் என்றால் டோ-இன். எங்கள் வண்டியில் இடப்பக்கம் முன் இடைவெளி 3 மி.மீ. குறைவாக இருந்தது, அதாவது டோ-அவுட். டயர் உள்பக்கம் தேய்ந்ததற்கு விடை அந்த 3 மி.மீ.

ராக் சக்கர அச்சுக்குப் பின்னால் இருந்தால் கம்பியை நீட்ட நீட்ட டோ-இன் கூடும். முன்னால் இருந்தால் நேர்மாறு. கால் சுற்றுக்கே ரிம் விளிம்பில் ஏறக்குறைய 1 மி.மீ. மாறும். இரண்டு பக்கமும் சமமாகத் திருப்பினால் ஸ்டீயரிங் நடுவிலேயே நிற்கும். ஒவ்வொரு முறையும் வண்டியை முன்னால் உருட்டிய பிறகே அளவெடுங்கள். எவ்வளவு டோ வேண்டும் என்பதை உங்கள் வண்டியின் மேனுவலில் பாருங்கள்.

அளவு வந்ததும் மரையில் கிரீஸ் தடவி, எண்டைப் பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்குங்கள். பூட் கிளிப் பழைய இடத்துக்குப் போகட்டும். நட்டின் மேலும் கம்பியின் மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். முதல் ஓட்டத்தைக் கூட்டமில்லாத தெருவில் மெதுவாக ஓட்டுங்கள், எங்கள் ஊர் கிரீன் சர்க்கிள் சந்திப்பு நெரிசலிலோ சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலோ வேண்டாம். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு அடியில் குனிந்து அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு உடையாமல் இருந்தால் நட் நகரவில்லை. அதே வாரத்தில் கடைக்குப் போய் மெஷினில் ஒரு முறை அளவு பார்த்துவிடுங்கள். நட் இப்போது திரும்பும், அவர்களே மீதியைச் செய்துவிடுவார்கள்.