ஐப்பசி மழையில் மாடித்தோட்டம்: வேர் அழுகாமல் காய்கறியும் பூவும் வளர்ப்பது எப்படி?

பாடப்புத்தகத்தில் இலையுதிர்காலம் என்று படித்திருப்போம். மதுரையில் ஐப்பசி மாதம் எந்த மரமும் மொட்டையாக நிற்பதில்லை. வேம்பும் புங்கனும் இலை கொட்டுவது மாசி, பங்குனியில்தான். நமக்கு இது அடைமழைக் காலம். அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். மதுரைக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி, டிசம்பர் முடிவதற்குள் பெய்துவிடும்.

திருப்பாலையில் எங்கள் மாடியில் நாற்பது பை இருக்கிறது. சித்திரை வெயிலில் அத்தனையையும் காப்பாற்றிய எனக்கு, இந்த மழையில் காப்பாற்றப் பழகுவதற்கு இரண்டு வருஷம் பிடித்தது.

1. முதலில் பையைத் தயார் செய்யுங்கள்

விதை வாங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். முதல் வருஷம் ஐப்பசி இரண்டாம் வாரம் நான்கு நாள் மழை. ஐந்தாம் நாள் வெயில் வந்ததும் பூவும் பிஞ்சுமாக இருந்த கத்தரிச்செடிகள் தலையைத் தொங்கப்போட்டன. மேல்மண் காய்ந்து வெளுத்திருந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, செடிக்கு இரண்டு செம்பு ஊற்றினேன். மறுநாள் இன்னும் வாடியது, இன்னும் ஊற்றினேன். ஒரு வாரத்தில் பதினோரு செடி போய்விட்டது.

உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்த அப்பத்தா ஒரு செடியைப் பிடுங்கி, வேரை இரண்டு விரலால் உருவிக் காட்டினார். பழுப்புத் தோல் வழுவழுவென்று கையோடு வந்தது. உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் நின்றது. பைக்குள்ளிருந்து சாக்கடை வாடை. "ஏத்தா, இது தண்ணிக்கு ஏங்கலத்தா, மூச்சுக்கு ஏங்குது" என்றார்.

கடையில் வாங்கும் பைகளில் பெரும்பாலும் ஓட்டை அடியில்தான் இருக்கும். தட்டையான தளத்தில் வைத்தால், தரையே அந்த ஓட்டையை அடைத்துவிடுகிறது. மேலே காய்ந்திருக்கும், கீழே சேறாக இருக்கும். வேருக்குக் காற்று கிடைக்காவிட்டால், சுற்றிலும் தண்ணீர் நின்றாலும் அதை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈரத்திலும் செடி வாடுகிறது.

செய்ய வேண்டியது இது. அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே, பக்கவாட்டில், பென்சில் பருமனில் ஆறு ஓட்டை போடுங்கள். கத்தியால் கீறினால் பை கிழிந்துகொண்டே போகும். பழுக்கக் காய்ச்சிய கம்பிதான் சரி, ஓட்டையின் விளிம்பு உருகி உறுதியாகிவிடும். உள்ளே ஓட்டைக்கு நேராகச் சிரட்டைத் துண்டு வையுங்கள். பைக்குக் கீழே இரண்டு செங்கல், நடுவே இடைவெளி விட்டு. மண் நிரப்பியதும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு நிமிஷத்தில் ஒழுகத் தொடங்கி, கால் மணி நேரத்துக்குள் சொட்டுவது நின்றால் அந்தப் பை மழைக்குத் தயார்.

2. மண் கலவை

வெயில் காலத்துக் கலவை இப்போது ஆகாது. தென்னைநார்க் கழிவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதைப் பாதியாகக் குறையுங்கள். நான் போடுவது: செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒன்று, மட்கிய தொழுவுரம் ஒன்று, நார்க்கழிவு அரை.

3. நாற்றும் நேரடி விதைப்பும்

தக்காளி, கத்தரி, மிளகாயைக் குழித்தட்டில் போடுங்கள், மழைச்சாரல் படாத இடமாகப் பார்த்து. நெருக்கமாக விதைத்து ஈரம் தங்கினால் நாற்று கழுத்தோடு மடிந்து விழும். நான் விதையைச் சூடோமோனாஸ் (நோய்ப் பூஞ்சையைத் தடுக்கும் நல்ல பாக்டீரியா) பொடியில் புரட்டிவிட்டுத்தான் போடுகிறேன். தக்காளி நாற்று 25 நாளில் நடவுக்கு வரும், கத்தரிக்கு ஒரு மாதம், மிளகாய்க்கு இன்னும் ஒரு வாரம் கூட.

முள்ளங்கி, வெந்தயம், சிறுகீரை நேரடியாக. கொத்தமல்லியை இரண்டாகத் தேய்த்து உடைத்துப் போடுங்கள். பொடி விதைகளை மழை அடித்துப் போகாமலிருக்க, முளை தெரியும்வரை ஈரச்சாக்கு மூடினால் போதும். முளைத்த அன்றே சாக்கை எடுத்துவிடுங்கள்.

கோடைக்குக் கட்டிய பச்சை நிழல்வலையையும் இப்போது அவிழ்த்துவிடுங்கள். மேகமூட்டத்தில் வெளிச்சமே குறைவு. வலையும் இருந்தால் செடி காய்க்காமல் ஒல்லியாக நீண்டுகொண்டே போகும்.

4. பூச்செடிகள்

கேந்தியை (செண்டுமல்லி) புரட்டாசிக் கடைசியில் விதைத்தால் தைப்பொங்கலுக்குப் பறிக்கலாம். நட்ட ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ள மறக்காதீர்கள். கிள்ளினால்தான் பக்கக்கிளை வெடித்துப் பூ கூடும். காய்கறிப் பைக்குள்ளேயே செடிக்குப் பக்கத்தில் ஒன்றை நடுங்கள், வேரைத் தாக்கும் நூற்புழு குறைய உதவும். டிசம்பர் பூவுக்கு எந்தக் கவனிப்பும் தேவையில்லை, மார்கழியில் தானாகக் கொத்துக் கொத்தாக நிற்கும்.

மல்லிகை பனிக்காலத்தில் பூக்கவில்லையே என்று உரத்தை அள்ளிக் கொட்ட வேண்டாம், அது ஓய்வெடுக்கும் காலம். நவம்பர் கடைசி வாரம் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்யுங்கள், அதாவது அதற்கு மேலுள்ள கிளைகளை வெட்டிவிடுங்கள். இதற்குக் கவாத்துக் கத்தரி மட்டும்தான். அரிவாள்மனையால் வெட்டி நசுங்கிய தண்டு, மழையில் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும்.

5. தண்ணீர்

ஆள்காட்டி விரலை இரண்டாம் கணுவரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை, செடி வாடியிருந்தாலும் சரி.

பின்சேர்க்கை: பழைய பெயின்ட் வாளியில் வளர்ப்பவர்கள் சிலர், பக்க ஓட்டை போட்டும் தண்ணீர் நிற்கிறது என்று எழுதியிருந்தார்கள். வாளியின் அடிப்பாகம் நடுவில் உள்பக்கமாக மேடிட்டிருந்தால் விளிம்பை ஒட்டித் தண்ணீர் தேங்கும். அந்த விளிம்பிலேயே இன்னும் மூன்று ஓட்டை போடுங்கள்.

இன்னொருவருக்குப் பையிலிருந்து வழிந்த மண்ணும் இலையும் சேர்ந்து மாடியின் வடிகுழாயையே அடைத்துவிட்டது. குழாய் வாயில் தேங்காய் மட்டை நாரைப் பந்தாகச் சுருட்டி வையுங்கள். மழை விட்டதும் எடுத்து உதறி, திரும்ப வையுங்கள்.