ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளை உங்கள் எடைக்கு செட் செய்வது எப்படி?

புதிதாக ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் பெடல், ஹேண்டில்பார், கிரிப் என்று மாற்றத் தொடங்குகிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பின் சக்கரத்துக்கான ஷாக்கிலும் முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலும் இருக்கும் காற்றை உங்கள் எடைக்குத் தகுந்தபடி வைக்க வேண்டும். 55 கிலோ ஆளுக்கும் 85 கிலோ ஆளுக்கும் ஒரே காற்று ஒத்துவராது. இந்த ஒன்று சரியாக இல்லாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து என்ன மாட்டினாலும் வண்டி ஓட்டச் சுகமாக இருக்காது.

தேவையானவை: 300 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை காட்டும் ஷாக் பம்ப், மில்லிமீட்டர் ஸ்கேல், 4, 5, 6, 8 அளவு ஆலன் கீ, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டுவது), நீல நிற த்ரெட்லாக்கர் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை), சுத்தமான துணி. டயருக்கு அடிக்கும் பம்ப் இதற்கு உதவாது. ஷாக்கின் காற்றறை மிகச் சிறியது, அதற்குள் அழுத்தமோ மிக அதிகம்.

1. முதலில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்

சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். பின் சக்கரம் தரையை விட்டு எழும் முன்பே 'டொக்' என்று ஒரு தட்டல் கையில் தெரிந்தால் எங்கோ ஆட்டம் இருக்கிறது. இன்னொருவரைத் தூக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பிவட் மூட்டிலும் (ஃப்ரேமின் பின்பாகம் அசையும் இடங்கள்) ஷாக்கின் இரண்டு முனைகளிலும் விரலை வைத்துப் பாருங்கள். ஆடும் இடம் விரலுக்குத் தெரிந்துவிடும்.

பிவட் போல்ட் தளர்ந்திருந்தால் அப்படியே முறுக்கிவிடாதீர்கள். கழற்றி, பழைய த்ரெட்லாக்கரைத் துடைத்து, மரையில் ஒரு சொட்டு புதிதாக இட்டு, ஃப்ரேம் கையேட்டில் சொல்லியிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். பல போல்ட்களின் தலையிலேயே அந்த எண் இருக்கும். அலுமினிய மரை ஒருமுறை போனால் போனதுதான். ஆட்டம் ஷாக் முனையில் இருந்தால் தேய்ந்திருப்பது அங்குள்ள புஷ் (முனைத் துளைக்குள் இருக்கும் சிறு உருளை). அதை மாற்றினால் போதும்.

பிவட் பேரிங் ஏன் சீக்கிரம் போகிறது என்று பலருக்கும் புரிவதில்லை. சக்கரத்தின் பேரிங் முழு வட்டமாகச் சுற்றும், அதனால் கிரீஸ் எல்லாப் பக்கமும் பரவும். பிவட் பேரிங் சில டிகிரி மட்டுமே முன்னும் பின்னும் அசையும். அதே குண்டுகள் அதே இடத்தை அழுத்தி அழுத்திக் குழி விழும், உள்ளே போன தண்ணீரும் அங்கேயே தங்கித் துரு பிடிக்கும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, பின் சக்கரத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஷாக்கைக் கழற்றி, பின்பாகத்தைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். மணலை அரைப்பது போல நறநறவென்று இருந்தால் பேரிங்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

2. ஸேக் வைப்பது

நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் உங்கள் எடைக்குச் சஸ்பென்ஷன் இறங்கும் அளவுதான் ஸேக். பின் ஷாக்குக்கு 25 முதல் 30 சதவீதம், ஃபோர்க்குக்கு 15 முதல் 20 சதவீதம் என்று தொடங்கலாம்.

ஷாக்கில் 210×55 என்று போட்டிருந்தால் 210 மி.மீ. மொத்த நீளம், 55 மி.மீ. ஸ்ட்ரோக், அதாவது ஷாக் அமுங்கும் தூரம். 55-இல் 30 சதவீதம் 16.5 மி.மீ. சைக்கிளின் பின் சக்கர டிராவல் (சக்கரம் மேலே எழும் தூரம்) 140 மி.மீ. என்பதை வைத்து இங்கே கணக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஃபோர்க்குக்கு மட்டும் டிராவலை அப்படியே எடுக்கலாம்: 140 மி.மீ. என்றால் 20 சதவீதம் 28 மி.மீ.

சஸ்பென்ஷனைப் பூட்டும் லாக்-அவுட்டையும், அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஷனையும் முழுவதும் திறந்து வையுங்கள். உங்கள் எடை எத்தனை பவுண்டோ அத்தனை பிஎஸ்ஐ காற்றை ஷாக்கில் அடியுங்கள். 70 கிலோ என்றால் 155 சுமாராக. இது தொடக்கப் புள்ளி மட்டுமே, ஷாக்கில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு 50 பிஎஸ்ஐ அடித்ததும் சீட்டைப் பத்து முறை மெதுவாக அமுக்குங்கள். அப்போதுதான் உள்ளே எதிர்ப்பக்கம் இருக்கும் நெகட்டிவ் அறைக்கும் காற்று போய்ச் சமமாகும்.

ஹெல்மெட், ஷூ, தண்ணீர்ப் பை எல்லாம் போட்டுக்கொண்டு, சுவரில் ஒரு கையை ஊன்றி ஏறுங்கள். இரண்டு மூன்று முறை குதித்துவிட்டு அசையாமல் இருங்கள். ஷாக்கின் ரப்பர் ஓ-ரிங்கைச் சீல் வரை தள்ளிவிட்டு, குலுங்காமல் இறங்கி அளவெடுங்கள். 20 மி.மீ. வந்தால் 5 பிஎஸ்ஐ கூட்டுங்கள், 12 வந்தால் குறையுங்கள். ஃபோர்க்குக்கு பெடல் மேல் எழுந்து நின்றபடி இதையே செய்யுங்கள்.

பம்பைக் கழற்றும்போது 'புஸ்' என்று வருவது ஹோஸில் இருந்த காற்று. ஷாக்கில் இருப்பது போய்விடவில்லை. மறுபடி மாட்டினால் மீட்டர் குறைத்துக் காட்டுவதும் ஷாக்கின் காற்று ஹோஸை நிரப்பப் போவதால்தான். 'இறங்கிவிட்டதே' என்று திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள்.

நம் ஊரில் கவனிக்க வேண்டிய இன்னொன்று. மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி வெயிலில் 180 பிஎஸ்ஐ வைத்த ஷாக், ஊட்டியின் 15 டிகிரி குளிரில் சுமார் 170 காட்டும். கசிவு எதுவும் இல்லை, குளிரில் காற்றின் அழுத்தம் குறைகிறது, அவ்வளவுதான். மலையில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஸேக்கை மலையிலேயே பாருங்கள்.

3. ரீபவுண்ட்

அமுங்கிய சஸ்பென்ஷன் எவ்வளவு வேகமாகத் திரும்பி எழ வேண்டும் என்பதைச் சொல்லும் திருகு இது. பெரும்பாலும் சிவப்பு நிறம். வலஞ்சுழியாக முழுவதும் மூடி, அங்கிருந்து எத்தனை கிளிக் திறக்கிறோம் என்று எண்ணுங்கள். நடுவில் தொடங்கி, சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு நடைமேடை விளிம்பிலிருந்து இறங்கிப் பாருங்கள். அமுங்கி, ஒருமுறை எழுந்து, அடங்கிவிட வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் ஒரு கிளிக் மூடுங்கள்.

அளவுக்கு மேல் மூடினால் வேறு கோளாறு வரும். வரிசையாக வேர்களும் கற்களும் வரும் பாதையில் ஷாக் எழுவதற்குள் அடுத்த அடி விழும். அப்படியே கீழே தங்கிப்போய் கல் போல இருக்கும். காற்று அதிகமாகிவிட்டது என்று நினைத்துக் குறைப்பவர்கள் நிலைமையை இன்னும் மோசமாக்குகிறார்கள். அங்கே தேவை இரண்டு கிளிக் திறப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எண்ணை ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள்.

4. வால்யூம் ஸ்பேசர்

ஸேக் சரியாக இருந்தும் ஒவ்வொரு ரைடிலும் ஓ-ரிங் கடைசி வரை போய் 'டங்' என்று அடிக்கிறதா? காற்றறையின் இடத்தைக் குறைக்கும் சிறு துண்டான ஸ்பேசர் ஒன்றை உள்ளே கூடுதலாகப் போடுங்கள். ஸேக் ஏறக்குறைய அப்படியே இருக்கும், கடைசிப் பகுதி மட்டும் இறுகும். எப்போதாவது ஒருமுறை கடைசி வரை போவது நல்லதே. ஒருபோதும் போகவில்லை என்றால் ஒரு ஸ்பேசரை எடுத்துவிடலாம்.

மூடியைத் திறக்கும் முன் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். வால்வை மெதுவாக அழுத்தி, நடுநடுவே சஸ்பென்ஷனை அசைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். காற்றுள்ள மூடி குண்டு போலப் பறந்து வரும். காற்றை விட்ட பிறகும் ஷாக் அமுங்கியே கிடந்தால் நெகட்டிவ் அறையில் காற்று சிக்கியிருக்கிறது. அதைத் திறக்காமல் சர்வீஸ் ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

5. கழுவுவதும் சர்வீஸும்

வாட்டர் வாஷ் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். பிரஷர் தண்ணீர் சீலைத் தாண்டி பிவட்டுக்குள்ளும் ஷாக்குக்குள்ளும் புகும். ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மென்மையான பிரஷ் போதும். ஒவ்வொரு ரைடுக்குப் பிறகும் ஃபோர்க்கின் பளபளப்பான குழாய்களையும் ஷாக் தண்டையும் துணியால் துடையுங்கள். சீல் ஓரம் ஒட்டும் செம்மண்தான் பின்னாளில் குழாயைக் கீறுகிறது. ஸ்ப்ரே எதுவும் அடிக்க வேண்டாம். பிரேக் ரோட்டரில் பட்டால் பேடும் வீணாகும்.

ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் தன் ஃபோர்க்குக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால் (சக்கரத்தைப் பிடிக்கும் அடிக்குழாய்) ஆயிலை மாற்றச் சொல்கிறது. ஃபோர்க் மாடலுக்கான ஆயில் அளவைப் பார்த்து இதை வீட்டிலேயே செய்யப் பழகலாம். பின் ஷாக்கின் டேம்பரை (அமுங்கும், எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உள்பாகம்) மட்டும் தொடாதீர்கள். பல ஷாக்குகளில் அதற்குள் அழுத்தமான நைட்ரஜன் இருக்கிறது. அதைத் திறக்கவும் திரும்ப நிரப்பவும் தனிக் கருவி வேண்டும்.